கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி

பழைய ஜீப்புக்கு அஞ்சு கியர் மாற்றித் தரும் தொழிலில் கஷ்டம் கியர்பாக்ஸில் இல்லை, அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பெட்டியில் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். என்ஜினிலிருந்து வருகிற இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பெரிய கியர் கம்பிக்கு அருகே ஒரு குட்டிக் கம்பி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதை 'லோ'வில் தள்ளினால் வண்டி ஆமை மாதிரி ஊரும், ஆனால் யானை மாதிரி இழுக்கும். கியர்பாக்ஸை மாற்றினால் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ் அதோடு சேராது. வேறு ஒன்று தேட வேண்டும். முன் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் அதில் எந்தப் பக்கம் இறங்குகிறது, அதன் பல் கியர்பாக்ஸ் தண்டோடு பொருந்துமா, ஹேண்ட் பிரேக் எங்கே என்று பார்த்துப் பார்த்து வாங்க வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுன்ட்டரில் "எந்த மாடல் சார்?" என்று கேட்டவுடன் திருதிருவென்று முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த முழியை வருஷக்கணக்கில் முழித்தவன் நான். அதனால் நாம் ஒரே ஜாதி.

2004-இல் நானும் என் மச்சான் பீட்டரும் கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டு பட்டறை ஆரம்பித்தோம். பீட்டர் என் தங்கை லில்லியின் வீட்டுக்காரன். ஸ்பானர் பிடிப்பது அவன் வேலை. எந்த வண்டிக்கு எந்தப் பெட்டி என்று பார்த்துத் தேடிக் கொண்டுவருவது என் வேலை. பெட்டி பொருந்தினால் பேர் அவனுக்கு, பொருந்தாவிட்டால் பேச்சு எனக்கு. அப்படி நாங்கள் சந்தித்த சில மனிதர்களைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

கரும்பு வைத்துப் பார்த்தவர்

முதல் வருஷத்தில் வந்தவர் மங்கலம்பேட்டை பக்கத்து விவசாயி தனபால். ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். பின் சீட்டில் ஒரு அஞ்சு கியர் பெட்டியும் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸும் சாக்கில் சுற்றிக் கிடந்தன. வெளியூரில் பழைய இரும்புக் கடையில் தானே தேர்ந்தெடுத்து வாங்கியதாம். "எல்லாம் ரெடி. மாட்டி மட்டும் குடுங்க" என்றார். சாக்கைப் பிரித்துப் பார்த்த பீட்டர் என் முகத்தைப் பார்த்தான். அந்த ஜீப்பில் முன் ஆக்ஸிலின் உருண்டை, அதாவது ஷாஃப்ட் வந்து சேருகிற இடம், வலது பக்கம் இருந்தது. இவர் வாங்கி வந்த பெட்டியோ இடது பக்கம் இறங்குகிற ஜாதி. இரண்டையும் இணைக்கிற ஷாஃப்ட் என்ஜினுக்கு அடியில் குறுக்கே போக வேண்டி வரும். போக வழி கிடையாது.

நான் சொன்னேன், அவர் நம்பவில்லை. பீட்டர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டுக் காட்டினான், அதையும் நம்பவில்லை. "நீங்க ஒங்க பொட்டிய விக்கறதுக்காக சொல்றீங்க" என்றார் நேராக. எனக்குச் சுருக்கென்றது. பட்டறை ஆரம்பித்த புதிது. இவர் ஊருக்குப் போய் நாலு பேரிடம் அப்படியே சொன்னால் எங்கள் கதி என்ன?

அப்புறம் அவரே ஒரு காரியம் செய்தார். வண்டியில் கரும்புக்கட்டு இருந்தது. யாருக்கோ கொடுக்க எடுத்து வந்திருக்கிறார். அதிலிருந்து நீளமாக, நேராக ஒன்றை உருவினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தார். "தம்பி, அந்தப் பொட்டிய அது நிக்கிற எடத்துல தூக்கிப் புடி" என்று பீட்டரிடம் சொன்னார். பீட்டர் முக்கிக்கொண்டு பிடித்தான். கரும்பின் ஒரு முனையைப் பெட்டியின் வாயில் வைத்து, மறுமுனையை முன் உருண்டைக்குக் கொண்டுபோனார். கரும்பு என்ஜின் ஆயில் சட்டியில் இடித்து நின்றது. வளைத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். பட்டென்று ஒடிந்தது.

வெளியே வந்தபோது முதுகெல்லாம் கிரீஸ். முகத்தில் கோபம் இல்லை. தன் சந்தேகத்தைத் தானே பரீட்சை செய்து, தோற்றதையும் தானே ஒத்துக்கொள்கிற ஆளை நான் அதுவரை இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. ஒடிந்த கரும்பில் பாதியை என் கையில் கொடுத்துவிட்டு மீதியைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "கரும்பே போவல, இரும்பு எங்க போவப்போவுது? நீங்க சொன்ன பொட்டியவே போடுங்க."

பாக்கியத்தின் பரீட்சை

சுனாமிக்கு அடுத்த வருஷம். கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து நாலு பெண்கள் ஒரு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மீன் விற்கிறவர்கள். நாலு பேரும் சேர்ந்து அந்தப் பழைய ஜீப்பை வாங்கியிருந்தார்கள். காலையில் படகை மணலில் இழுத்து மேலே ஏற்ற வேண்டும், அதே வண்டி மீனை ஏற்றிக்கொண்டு வெயிலுக்கு முன்னால் பண்ருட்டி மார்க்கெட்டுக்கும் போக வேண்டும். மணலுக்கு லோ வேண்டும், ரோட்டுக்கு அஞ்சாவது கியர் வேண்டும். தலைவி பாக்கியம். அந்த நாலு பேரில் அவர்தான் பேசுவார், மற்ற மூன்று பேரும் தலையாட்டுவார்கள்.

எங்களிடம் அப்போது இரண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் இருந்தன. ஒன்று புது மாதிரி. பார்க்க வழுவழுவென்று இருக்கும், கம்பி வெண்ணெய் மாதிரி விழும். இன்னொன்று பழைய மாதிரி, கரடுமுரடு. ஆனால் அதன் முதுகிலேயே ஹேண்ட் பிரேக் டிரம் உண்டு. புதியதில் அது கிடையாது. ஹேண்ட் பிரேக்குக்குத் தனியாகப் பின் சக்கரத்துக்குக் கேபிள் இழுக்க வேண்டும். பீட்டருக்குப் புதியதைத் தள்ளிவிட ஆசை. பாக்கியம் ஒரே கேள்வி கேட்டார். "கடத்தண்ணியில அந்தக் கேபிளு எத்தினி நாளு தாங்கும்?" பீட்டர் பேச்சை விட்டுவிட்டு, நேராகப் போய்ப் பழைய பெட்டியைத் தூக்கி வந்தான்.

மாட்டி முடித்ததும் வெள்ளோட்டம் பார்க்கக் குப்பத்துக்கே போனோம். கரையில் மணல் மேடு. படகைக் கயிற்றில் கட்டி ஜீப்பை லோவில் போட்டு இழுத்தோம். படகு முனகிக்கொண்டு மேலே வந்தது. சுற்றி நின்றவர்கள் விசிலடித்தார்கள். பாதி மேட்டில் பாக்கியம் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "ஹேண்ட் பிரேக் போடு. காலை எடு" என்றார். குப்பத்து டிரைவர் போட்டான். பாக்கியம் நேராக ஜீப்புக்கும் படகுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். முன்னால் ஜீப், பின்னால் படகு. பிரேக் விட்டால் அவ்வளவுதான். பீட்டர் "யக்கா, வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவர் அசையவில்லை. கடலில் அந்த அம்மாவின் வீட்டிலிருந்து போனவர்கள் யார், திரும்பியவர்கள் யார் என்று அந்தக் குப்பத்துக்கே தெரியும். எனக்கும் அன்று வழியில் சொல்லியிருந்தார்கள்.

வண்டி நின்ற இடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவரே வெளியே வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பீட்டரிடம் சொன்னார்: "எங்கூட்டுப் பசங்கதான் தெனமும் இதுக்குப் பின்னாடி நிக்கப் போறாங்க. அதான் மொதல்ல நான் நின்னு பாத்தேன்."

சுருதி சேராத வண்டி

அண்ணாமலை நகரில் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் குடியிருந்த வசந்தா மேடம் நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். வாரம் தவறாமல் தன் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிள்ளை பக்கத்துச் சேற்றுக்குப் போவார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நிற்கும் பேராசிரியையை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய வீட்டுக்காரர் வயலின் வாத்தியார். கியர்பாக்ஸ் மாற்ற இருவரும் சேர்ந்தே வந்தார்கள்.

மேடத்துக்கு வேண்டியது ஆழமான லோ. வண்டி ஊர்கிற வேகத்தில் மாணவர்கள் பக்கத்திலேயே நடந்து வர வேண்டும் என்றார். அதற்கு ஏற்றது பல்லோடு பல் உரசி ஓடுகிற பழைய மாதிரிப் பெட்டி. ஆனால் அது 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் போடும். இன்னொன்று உள்ளே சங்கிலி ஓடுகிற மாதிரி. சத்தமே வராது, ஆனால் லோவில் அவ்வளவு இழுவை இல்லை. இந்த இரண்டு மாதிரியும் மாட்டிய வண்டிகள் அப்போது பட்டறையில் நின்றன; வயலின் சார் இரண்டிலும் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். முதல் வண்டியிலிருந்து இறங்கும்போது காதைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். "இது எந்த ஸ்வரத்துலயும் நிக்கல வசந்தா. ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. மனுஷனால தாங்க முடியாது" என்றார். மேடம் சிரித்துக்கொண்டே என்னிடம், "சத்தம் போடற பெட்டியே இருக்கட்டும்" என்றார். சார் அதற்கும் சம்மதித்தார். பெரிய மனசு.

வண்டியை ஒப்படைத்த வாரமே நல்ல மழை. ஓட்டிப் பார்த்துச் சரிபார்க்க நானும் மேடத்தோடு கிள்ளைப் பக்கம் போயிருந்தேன். வழியில் ஒரு ஸ்கூல் வேன் ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் ஓரச் சேற்றில் சாய்ந்து நின்றிருந்தது. உள்ளே சின்னப் பிள்ளைகள். சாய்ந்த பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் பிள்ளைகளை ஜன்னல் வழியாக இறக்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தான். மேடம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பிள்ளைங்க எல்லாம் இந்தப் பக்கமா வந்து உக்காருங்க" என்று குரல் கொடுத்து, மேட்டுப் பக்கமாக அவர்களை நகர வைத்தார். வகுப்பில் பேசுகிற குரல். ஒரு பிள்ளைகூட அழவில்லை. கயிறு கட்டியது நான். குட்டிக் கம்பியை லோவில் தள்ளி, கிளட்சை அவர் விட்ட பதம் இருக்கிறதே, பீட்டர் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பான். வண்டி வெடுக்கென்று இழுக்கவில்லை. அந்த ஸ்வரம் தெரியாத சத்தத்தோடு நகர்ந்தது. கயிறு விறைத்தது. வேன் சேற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு நிமிர்ந்து ரோட்டுக்கு வந்தது.

வேன் டிரைவர் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான். "டீச்சரம்மா, நீங்க தூரத்துல வரும்போது சத்தத்தக் கேட்டு டிராக்டருதான் வருதுன்னு நெனச்சி சாமிய வேண்டிக்கிட்டேன்" என்றான். மேடம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "டிராக்டருதாம்ப்பா இது. சீட்டு மட்டும் ஜாஸ்தி."

யூசுப் பாயின் காது

கியர்பாக்ஸ் ஒரு கம்பெனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒரு கம்பெனி என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தடித்த இரும்புத் தட்டு போட வேண்டும். அடாப்டர் பிளேட் என்போம். மஞ்சக்குப்பத்தில் லேத் வைத்திருந்த யூசுப் பாய்தான் அதைக் கடைந்து தருவார். அடக்கம் என்பதை அவரிடம் யாரும் எதிர்பார்க்கக் கூடாது. "தமிழ்நாட்டுல இத நான் ஒருத்தன்தான் செய்வேன்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். டீக்கடைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை ஒரு கான்ட்ராக்டரின் வண்டியை முடித்து ஓட்டிப் பார்த்தோம், அவரும் திருப்தியாகச் சாவியை வாங்கிவிட்டார். அப்போது யூசுப் பாய் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தார். வண்டி பட்டறையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. "நிறுத்து நிறுத்து" என்று கையைக் காட்டினார். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதன் நுனியைப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார். முகம் சுருங்கிவிட்டது. "கழட்டு" என்றார். பீட்டருக்கு வந்ததே கோபம். ரெண்டு நாள் அடியில் படுத்து மாட்டியவன் அவன். எங்களுக்கும் சத்தம் கேட்கவில்லை, கான்ட்ராக்டருக்கும் கேட்கவில்லை. "பாய், வண்டி நல்லாத்தான் ஓடுது. அவுரே ஒண்ணும் சொல்லல. நீங்க எதுக்கு இப்போ?" என்றான்.

பாய் விடவில்லை. தானே கைலியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டார். கழற்றிப் பார்த்தபோது பிளேட்டின் நடுத்துளை ஒரு மயிரளவு விலகியிருந்தது. தன் கையால் செய்த அந்தப் பிளேட்டை அவர் எடுத்துப் போய்விட்டு, மறுநாள் புதிதாக ஒன்றைக் கடைந்து கொண்டுவந்து, பீட்டரோடு சேர்ந்து மாட்டியும் கொடுத்தார். பெருமையடிக்கிறவர்களைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயம் அன்று மாறியது. அந்தப் பெருமையைக் காப்பாற்ற அவர் எவ்வளவு தூரம் போவார் என்று பார்த்துவிட்டேனே! பீட்டரின் கோபம் இன்னும் ஆறவில்லை என்று பார்த்து அவன் தோளில் கையைப் போட்டுச் சொன்னார்: "ஓடுதுன்னு நீ சொல்லிட்ட மாப்ள. எத்தினி வருஷம் ஓடும்னு நான்ல சொல்லணும்?"

பேப்பரில் ஓடிய ஜீப்

அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பை வைத்து ப்ராஜக்ட் செய்தார்கள். அவர்களுக்குத் தலைவி விருத்தாசலத்துப் பெண் தமிழரசி. மெக்கானிக்கல் படிக்கிற பெண். எங்களிடம் இருந்த ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸில் பின் பக்க ஷாஃப்ட் நட்டநடுவில் வெளியே வரும். அவர்களுடைய வண்டியின் பின் ஆக்ஸில் உருண்டையோ வலது ஓரத்தில். ஷாஃப்ட் சாய்ந்து ஓடும். தமிழரசி ஒரு சார்ட் பேப்பரில் கோணம் எல்லாம் போட்டு, "அண்ணே, இதப் போட்டா அறுபதுல போவும்போது வண்டி ஆடும்" என்றாள். பீட்டர், "கொஞ்சம் சாஞ்சா ஒண்ணும் ஆவாதும்மா, நான் பாத்திருக்கேன்" என்றான். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் மாட்டியே பார்ப்பது என்று முடிவானது.

பீட்டரே ஓட்டினான். தமிழரசி பக்கத்தில். திரும்பி வந்தபோது பீட்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஜீப்பின் கதவு, கண்ணாடி, டூல் பாக்ஸ் எல்லாம் தனித்தனியாக ஆடியிருக்கின்றன. ஆனால் அந்தப் பெண் வெற்றி பெற்ற மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. இறங்கினதும் இறங்காததுமாகப் பீட்டரோடு சேர்ந்து ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தாள், வேறு பெட்டி மாட்ட. "ஒன் கணக்குதாம்மா சரி" என்று பீட்டர் ஒத்துக்கொண்டதற்கு அவள் சொன்ன பதில் இது: "அது எங்க சரி, அண்ணே? பேப்பர்ல அறுபதுல ஆடுச்சி, ரோட்டுல நாப்பதுலயே ஆடிடுச்சி. ரோடு எங்க எச்.ஓ.டி.ய விட ஸ்ட்ரிக்ட்டு."

முந்திரித் தோப்புக்காரர்

பண்ருட்டி அன்பழகனுக்கு முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் உண்டு. ஜீப்புக்கு அஞ்சு கியர் போட வந்தபோது, "எனக்கு எதுக்குப்பா ஃபோர் வீலு? நான் எந்த மலையில ஏறப்போறேன்? அந்தப் பொட்டியே வேணாம், எடுத்துடு" என்றார். அப்படிச் செய்ய வழி உண்டு. பெட்டியை எடுத்துவிட்டு நேராகப் பின் சக்கரத்துக்கு மட்டும் ஷாஃப்ட் கொடுத்துவிடலாம். வேலையும் சுலபம். ஆனால் பீட்டருக்கு மனசு வரவில்லை. "இருக்கட்டும்ண்ணே. வேணாம்னா அந்தக் கம்பியத் தொடாதீங்க. வேணும்னு ஒரு நாள் வந்தா எங்க போயித் தேடுவீங்க?" என்று மல்லுக்கட்டி, வலது பக்கம் இறங்குகிற நல்ல பெட்டியாகத் தேர்ந்தெடுத்து மாட்டி அனுப்பினான். அன்பழகன் முணுமுணுத்துக்கொண்டே போனார். ரெண்டு வருஷம் அந்தக் கம்பியை அவர் தொடவே இல்லை.

அப்புறம் 2011 கடைசியில் 'தானே' புயல் வந்தது. அதைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பட்டறைத் தகரம் எந்த வயலில் விழுந்தது என்றே தெரியவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. ரோடு கொஞ்சம் திறந்ததும் பீட்டரும் நானும் சங்கிலி, ரம்பம், கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் போனோம். தெரிந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். அன்பழகனை அவர் வீட்டில் காணவில்லை. தோப்புகளுக்கு நடுவே போகிற ஒரு மண் பாதையில் தன் ஜீப்போடு இருந்தார். பாதை முழுக்கப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பாதைக் கடைசியில் சில வீடுகள். அதில் ஒரு பெண்ணுக்கு மாசம் நிறைந்து வலி எடுக்கத் தொடங்கியிருந்தது. தூக்கிக்கொண்டு வரலாம் என்றால் மரங்களுக்கு மேல் ஏறி இறங்கி எப்படி வருவது?

பீட்டர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். அன்பழகனும் நானும் சங்கிலியைக் கட்டினோம். ஊர்க்காரர்கள் கிளைகளை அறுத்தார்கள். ஈரச் செம்மண்ணில் நாலு சக்கரமும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தன. ஒவ்வொரு மரமாகப் பாதையை விட்டு விலகியது. ஒருமுறை சங்கிலி தெறித்து என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அதற்கெல்லாம் நின்று பயப்பட நேரமில்லை. அன்பழகனுக்கு உள்ளங்கை கிழிந்து ரத்தம். துண்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். மத்தியானம் தாண்டி வழி திறந்தது. அதே ஜீப்பில் அந்தப் பெண்ணையும் அவளுடைய அம்மாவையும் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டோம். அன்று சாயங்காலமே பெண் குழந்தை பிறந்தது, இரண்டு பேரும் நலம் என்று ஆள் மூலமாகச் சேதி வந்தது.

திரும்பி வரும் வழியில்தான் அன்பழகனுடைய தோப்பைப் பார்த்தோம். ஒரு மரம்கூட நிற்கவில்லை. முந்திரி எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. பீட்டர் வண்டியை நிறுத்திவிட்டு, "என்னாண்ணே, இங்க இம்மாம் கெடக்குது, நீங்க காலையிலேருந்து அடுத்தவங்க மரத்த இழுத்துக்கினு இருந்திருக்கீங்களே?" என்று கேட்டான். அவர் கையில் சுற்றியிருந்த துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "எம்மரம் வுழுந்துட்டுதுப்பா, அது இனிமே எங்கயும் போவாது. அந்தப் பொண்ணு போவணும்ல."

லில்லியின் சமையலறை

பட்டறைத் தகரம் பறந்ததும் சாமான்களையெல்லாம் பீட்டர் வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் மட்டும் எட்டோ பத்தோ இருக்கும். கட்டிலுக்கு அடியில், பீரோ பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே என்று வீடு முழுக்கப் பெட்டி. என் தங்கை லில்லி ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. துடைத்து, எண்ணெய் ஒழுகாமல் அடியில் சாக்கு போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு வேலைக்கு வைத்துவிட்டாள். ஒன்று கதவு சாத்திக்கொள்ளாமல் தடுக்க. ஒன்றின் மேல் தையல் மெஷின் டப்பா. கரண்ட் இல்லாமல் குடத்தில் தண்ணீர் சுமந்த அந்த நாட்களில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும், பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டவள் அவள். அதனால் அவள் வீட்டில் எதை எங்கே வைத்தாலும் கேட்க எங்களுக்கு வாய் கிடையாது.

2012 பாதியில் கொட்டகை மறுபடி எழும்பியது. முதல் வாடிக்கையாளர் சிதம்பரத்திலிருந்து வந்தார். அவர் வண்டிக்கு வேண்டியது வலது பக்கம் இறங்கி, பின்னால் ஹேண்ட் பிரேக் டிரம் உள்ள பெட்டி. எங்களிடம் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது லில்லியின் சமையலறையில். மூன்று பேரும் வீட்டுக்குப் போனோம். பெரிய தண்ணீர் அண்டாவுக்குக் கீழே கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பீட்டர் தயங்கித் தயங்கி, "லில்லி, அந்தப் பொட்டி வேணுமே" என்றான். சிதம்பரத்துக்காரர் குனிந்து பார்த்து, "அருமையா வெச்சிருக்கீங்கம்மா, ஒரு துளி துரு இல்ல" என்று மனதாரப் பாராட்டினார். லில்லி அண்டாவையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள், பிறகு என்னிடம் சொன்னாள்: "எடுத்துக்கினு போண்ணே. ஆனா இதே ஒசரத்துல இன்னொண்ணு பாத்து வாங்கிட்டு வா. இடது பக்கம் எறங்கனாலும் பரவாயில்ல."

ஆக, ஊரார் ஜீப்புக்கெல்லாம் எந்தப் பெட்டி பொருந்தும் என்று இத்தனை வருஷம் தலையை உடைத்துக்கொண்ட நான் இன்றைக்கும் பட்டறைக்குப் போய் வருவது, டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஒரு மொபெட்டில்தான்.